சரியாக முடிந்த அரை மணி நேரம்

என் நோட்டில் சிவப்பு நட்சத்திரம் போட்ட வரி ஒன்றே ஒன்றுதான். அதைப் போட்ட அன்று வாழப்பாடியில் பேருந்தை விட்டு இறங்கும்வரை எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பக்கம் வந்தால் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் புரட்டுகிறேன்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளியையும் சேர்த்து ஐந்து பேர். கோழிப்பண்ணைகளுக்கு ஒரு பெட்டி செய்கிறோம். ஷெட்டுக்குள் எவ்வளவு சூடு என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். சூடு அளவைத் தாண்டினால், தனக்குள் இருக்கும் சிம் கார்டிலிருந்து பண்ணைக்காரருக்குப் போன் போடும். அவர் எடுக்காவிட்டால் இரண்டாவது எண்ணுக்குப் போடும். பெட்டியைச் செய்வதும் பண்ணையில் கொண்டுபோய் மாட்டுவதும் எடப்பாடிக்காரர் ஒருவர். பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதுவது நான்.

நான் வேகம். கல்லூரியிலேயே அப்படித்தான் பெயர். முதலாளி "எப்ப முடியும்" என்று கேட்டு முடிப்பதற்குள் என் வாயிலிருந்து பதில் வந்துவிடும். இரண்டு நாள் சார், நாளைக்கு மதியம் சார், இதோ ஆச்சு சார். இதில் நான் மட்டும் தனி ரகம் இல்லை. எங்கள் பக்கம் யாரிடம் நேரம் கேட்டாலும் குறைத்துத்தான் சொல்வார்கள். எடப்பாடிக்காரருக்குப் போன் போட்டால், பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். அவர் "ரவுண்டானாகிட்ட வந்துட்டேனுங்க" என்பார். அதை அவர் பொய் என்று நினைக்கமாட்டார். கேட்டவர் முகம் வாடக்கூடாது என்பது ஒரு மரியாதை. நானும் அதே மரியாதையைத்தான் புரோகிராமுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் என்று சொன்ன ஒரு வேலைக்கு ஒன்பது நாள் ஆன வாரத்தில்தான் எனக்கு ரோஷம் வந்தது. என்னதான் செய்கிறார்கள் மற்றவர்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். சில என்ஜினியர்கள் தங்கள் வேலையைத் தாங்களே குறித்து வைக்கிறார்கள் என்று தெரிந்தது. தொடங்கும் முன் எவ்வளவு நேரம் ஆகும் என்ற தங்கள் கணிப்பு. முடித்த பின் ஆன நேரம். செய்த ஒவ்வொரு தப்பும் எந்த வேளையில் உண்டானது, எந்த வேளையில் கண்ணில் பட்டது. படித்ததும் எனக்கு ஜுரம் மாதிரிப் பிடித்துக்கொண்டது. அன்று மாலையே நீள நோட்டு ஒன்று வாங்கிக் கட்டங்கள் போட்டேன்.

டீக்கு இறங்கினால் கடிகாரத்தை நிறுத்துவேன். கரண்ட் போனால் நிறுத்துவேன். எடப்பாடிக்காரருக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏனுங்க மேடம், கொட்டாவி உடறதுக்குத் தனியா ஒரு கட்டம் போட்டிருக்கீங்களா?"

போட்டிருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் நோட்டு பேசத் தொடங்கியது. நான் ஒரு மணி நேரம் என்றால் இரண்டரை மணி நேரம் ஆகிறது. நல்ல நாள், கெட்ட நாள், தலைவலி நாள், எல்லா நாளும் ஏறக்குறைய அதே இரண்டரை. என் தப்புக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. கணிப்பை இரண்டரையால் பெருக்கிச் சொன்னால் போதும், நான் சொன்ன சொல் தவறாதவள் ஆகிவிடுவேன்.

அடுத்ததாக அது சொன்னது அவ்வளவு இனிப்பாக இல்லை. எழுதிய வரிகளுக்கு ஏற்றபடி தப்புகளும் ஒரே கணக்கில் விழுந்துகொண்டிருந்தன. இன்று அருமையாக எழுதினேன் என்று நினைத்த நாளிலும் அதே அளவுதான். நான் என்னை எவ்வளவு கெட்டிக்காரியாக நினைத்துக்கொண்டேன் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒன்று மட்டும் உதவியது. எழுதியதை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் தாளில் அச்செடுத்து, பேனாவை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தால் பாதிக்குமேல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். சலிப்பான வேலை, நேரம் தின்னும் வேலை. ஆனாலும் படிக்காமல் ஓட்டுவதில்லை என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துக்கூடப் போட்டேன்.

அந்தக் கையெழுத்து எத்தனை நாள் தாங்கியது என்றால், பங்குனி மாதம் ராசிபுரம் பக்கம் ஒரு பண்ணைக்குப் போகும்வரை.

அந்தப் பண்ணையை நடத்துவது ஓர் அக்கா. முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டியோடு வடக்கே இருக்கிறார். வருடத்தில் பத்து மாதம் எங்கேயோ ஒரு மாநிலத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். தினமும் மத்தியானம் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுவார், அவ்வளவுதான். பன்னிரண்டாயிரம் முட்டைக்கோழிகளை அக்காவும் ஒரு வேலையாளும் பார்த்துக்கொள்கிறார்கள். பழைய மாதிரித் திறந்த ஷெட் இல்லை. நாலு பக்கமும் அடைத்த ஷெட். ஒரு கோடியில் தண்ணீர் ஒழுகும் அட்டைச் சுவர், மறு கோடியில் ஆள் உயரத்துக்கு ஆறு விசிறிகள். விசிறி ஓடும்வரை உள்ளே குளுகுளுவென்று இருக்கும். நின்றால் அது மூடிய பானை. வெயில் நேரத்தில் இருபது நிமிடம் போதும்.

ஆகவே ஷெட் கட்டிய நாளிலிருந்து அந்த அக்கா பகலில் பண்ணையை விட்டு எங்கும் போனதில்லை. வைகாசியில் அவருடைய தம்பிக்குக் கல்யாணம். இணைச்சீர் என்று ஒன்று உண்டு, மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்யவேண்டிய சீர். அவள் வந்து நின்றால்தான் கல்யாணம் மேலே நகரும். அக்காவுக்கு ஒரே தம்பி, தம்பிக்கு ஒரே அக்கா.

"ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நான் நிம்மதியா மண்டபத்துல நிக்கோணும் அம்மிணி. உங்க பொட்டி அதைச் செஞ்சுதுன்னாப் போதும்" என்றார் என்னிடம்.

முதலாளி விளக்கினார். பெட்டி போன் போடும், நீங்கள் எடுத்து ஒன்றாம் நம்பரை அழுத்தினால் தகவல் சேர்ந்ததாக அது எடுத்துக்கொள்ளும் என்று. அக்கா இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். முழங்கை வரை தீவன மாவு.

"இந்தக் கையில போனை எடுத்து, கேட்டு, நம்பரத் தேடிங்களா? ஆகற கதையச் சொல்லுங்க. போன் அடிச்சுதுன்னா விரல் முட்டியில ஒரு தட்டுத் தட்டிக் கட் பண்ணிப்போடுவேன். கட் பண்ணுனா நான் பாத்துப்போட்டேன்னு வெச்சுக்கோங்க. எங்கூட்டுக்காரருக்கும் எனக்கும் அதுதானுங் பழக்கம்."

முதலாளி, எடப்பாடிக்காரர், நான், மூன்று பேரும் தலையாட்டினோம். ஏனென்றால் எங்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். நான் சேலத்தில் பேருந்து ஏறியதும் அம்மாவுக்கு ஒரு ரிங் கொடுப்பேன், அம்மா கட் செய்வார், உலை வைக்கத் தொடங்குவார். தறிக்குப் பாவு வந்ததா, லாரி செக்போஸ்ட் தாண்டியதா, எல்லாவற்றுக்கும் ஒரு ரிங், ஒரு கட். இதை விளக்கிச் சொல்லவேண்டிய ஆள் இந்த ஜில்லாவில் யாரும் இல்லை. அதனாலேயே யாரும் அதை விளக்கிப் பார்க்கவில்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார், சிரித்த முகத்தோடு. எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்வி வந்தது. இரண்டரையால் பெருக்கவேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். "அரை மணி நேரம் சார்" என்றேன்.

தீவன அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மடிக்கணினியை வைத்து, நான் மூட்டைமேல் உட்கார்ந்து எழுதினேன். போன் கட் ஆனால் பெட்டியின் மோடம் ஒரு சொல்லைத் திருப்பித் தரும். அந்தச் சொல் வந்தால் பார்த்தாச்சு என்று எடுத்துக்கொள். இருபது நிமிடத்துக்கு மறுபடி கூப்பிடாதே. இரண்டாவது எண்ணைத் தொந்தரவு செய்யாதே. சின்ன வேலை. அக்கா விரல் முட்டியால் தட்டிக் காட்டினார், திரையில் பச்சை விழுந்தது. நாலு தடவை தட்டினார், நாலு தடவையும் பச்சை. பெட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே எடப்பாடிக்காரர், "போனையே எடுக்காம உட்டுட்டாங்கன்னா?" என்று கேட்டார். அதையும் சோதித்தோம். அரை நிமிடம் மணி அடித்து ஓய்ந்து, வேலையாளுக்குப் போனது. நல்ல கேள்வி கேட்டுவிட்டோம் என்று அவருக்கும், நல்ல பதில் வைத்திருந்தேன் என்று எனக்கும் திருப்தி.

அங்கே அச்செடுக்க இயந்திரம் இல்லை. முதலாளி காரைக் கிளப்பி வைத்திருந்தார். இருபத்தெட்டு நிமிடம்.

நோட்டு தொடங்கிய பிறகு, சொன்ன நேரத்தில் நான் முடித்த முதல் வேலை அது. எடப்பாடிக்காரரிடம் சிவப்புப் பேனா கடன் வாங்கி நட்சத்திரம் போட்டேன்.

அடுத்த இரண்டு வாரத்தில் அதே புரோகிராமோடு இன்னும் பதினோரு பண்ணைகளில் பெட்டி ஏறியது. வெயிலும் ஏறியது. சித்திரை பிறந்த வாரம் நான் கணக்குக் கூட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். இந்தப் பதிப்பில் புதிதாக எழுதிய வரிகளுக்கு, என் வழக்கப்படி, ஒன்பது தப்புகள் இருக்கவேண்டும். இதுவரை பிடித்தது ஏழு.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏழு என்ற அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பன்னிரண்டு ஷெட்டுகளில் இன்னும் இரண்டு இருக்கின்றன. வேறு யாரும் வைக்கவில்லை, நான்தான் என் விரலால் அடித்து உள்ளே வைத்திருக்கிறேன். வைத்தபோது தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. எப்போது எழுந்து வரும் என்பது மட்டும் அவற்றுக்குத் தெரியும் போல ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். வராத கம்ப்ளைண்டுக்கு மருந்து தேடாதே அம்மா என்றார். எடப்பாடிக்காரர் பாதி கிண்டலாக, "ஒம்பதுன்னு ஜாதகத்துல இருந்துச்சுன்னா ஒம்பதும் வந்தே தீருமுங்களா?" என்றார். மீதிப் பாதி கிண்டல் இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

கிடைத்த நேரத்திலெல்லாம் தேடினேன். எங்கே தேடினேன் என்பதைச் சொல்லவேண்டும். எந்த வேலைகள் என் கணிப்பை மீறி இழுத்தடித்தனவோ, அங்கேதான் தப்பு இருக்கும் என்று எனக்கு நிச்சயம். நாலு மணி நேரம் என்று சொல்லிப் பதினொரு மணி நேரம் வாங்கிய வரிகளைத் தாளில் எடுத்துப் படித்தேன். எட்டாவது அங்கே கிடைத்தது. நேரம் காட்டுவதில் ஒரு நிமிடம் தள்ளிப்போகும் சின்னத் தப்பு. ஒன்பதாவது அகப்படவில்லை. நட்சத்திரம் போட்ட வரியை நான் திறக்கவே இல்லை. சரியான நேரத்தில், சோதனை எல்லாம் பச்சையாக முடிந்த வேலையை யார் போய்ச் சந்தேகப்படுவார்கள்?

அந்த வாரத்தில்தான் அக்கா கூப்பிட்டார். நேற்று மத்தியானம் ஷெட்டுக்குள் போனால் கொஞ்சம் புழுக்கமாக இருந்தது, விசிறி பெல்ட் ஒன்று வழுக்கியிருந்தது, சரி செய்துவிட்டேன் என்றார். "ஆனா போனே வல்லையே அம்மிணி."

பெட்டிகள் போட்ட போன்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பதுக்குப் பெட்டி போன் போட்டிருக்கிறது. பார்த்தாச்சு என்று பதிவும் ஆகியிருக்கிறது.

"வந்திருக்குதே அக்கா. நீங்க கட் பண்ணியிருக்கீங்க."

போனுக்குள் கோழிகளின் சத்தம் கேட்டது.

"அப்படீங்களா? பண்ணியிருப்பேன் சாமி. கை தன்னால போயிப்போடும். நெனப்பு இல்ல பாருங்க."

தன் கண்ணையும் காதையும் விட்டுவிட்டு அவர் என் பட்டியலை நம்பினார். நானும் அவரைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனை வைத்தேன். பட்டியலில் பக்கத்திலேயே இன்னொரு எண் இருந்தது. போன் போனதற்கும் கட் ஆனதற்கும் இடையில் இரண்டு விநாடி. அதை நான் பார்த்தேன். பார்த்ததாக நினைவிருக்கிறது. ஒன்றும் தோன்றவில்லை.

அதற்கு ஐந்தாம் நாள். மத்தியானம் பன்னிரண்டே முக்கால். மாடியில் தகரக் கூரை. காற்றாடி அனலைத்தான் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது. எலுமிச்சை சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் திரையைப் பார்த்துச் சாப்பிட்டேன். பெட்டிகளிலிருந்து எங்களுக்குத் தகவல் வரும். நாங்கள் இங்கிருந்து அவற்றுக்கு ஒன்றும் அனுப்ப முடியாது. அக்காவின் ஷெட் முப்பத்திரண்டு காட்டியது. பிறகு முப்பத்துநாலு. அளவு தாண்டியது, பெட்டி போன் போட்டது, உடனே பச்சை. பார்த்தாச்சு. முப்பத்தைந்து. அக்கா போய்க்கொண்டிருப்பார் என்று ஒரு வாய் சாதம் எடுத்துக்கொண்டேன். முப்பத்தாறு. இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார். முப்பத்தேழு. பச்சை விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

எண்கள் ஏறுவதை ஆறு நிமிடம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்திருக்கிறேன். பிறகு நோட்டில் எழுதியபோதுதான் அது ஆறு நிமிடம் என்று தெரிந்தது.

முப்பத்தேழில் என் கண் அந்தச் சின்ன எண்ணின்மேல் போனது. இரண்டு விநாடி. தீவன மாவுக் கையோடு இருக்கிற ஒருத்தி, மணி சத்தம் கேட்டு, போன் எந்தப் பக்கம் என்று பார்த்து, விரல் முட்டியால் தட்ட இரண்டு விநாடி எப்படிப் போதும்? போன் அங்கே ஒரு தடவைகூட அடித்திருக்காதே.

எச்சில் கையோடு அக்காவின் எண்ணைப் போட்டேன். வேறு அழைப்பில் இருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. மறுபடி. மறுபடியும் அதே குரல். அப்போது விளங்கியது. வடக்கே வெயிலுக்குப் போர்வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டுக்காரர் தினமும் கூப்பிடும் நேரம் இது. அக்கா அவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும் போனுக்குக் கூப்பிட்டால் மோடம் என்ன சொல்லைத் தருமோ, கட் பண்ணினாலும் அதே சொல்லைத்தான் தரும். நான் இரண்டையும் பார்த்தாச்சு என்று எழுதி வைத்திருக்கிறேன். அதனால் பெட்டி இருபது நிமிடத்துக்கு வாயை மூடிக்கொண்டிருக்கிறது. வேலையாளையும் கூப்பிடாது.

எடப்பாடிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். வேலையாளின் எண் எங்கே என்று நான் கேட்டதும் கோப்பைப் பிரித்து, ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். மூன்றாவது தடவை வேலையாள் எடுத்தார். முட்டை அறையில் அட்டை அடுக்கிக்கொண்டிருந்தாராம், ஷெட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஓடும் சத்தம் கேட்டது, கதவு சத்தம் கேட்டது. பிறகு அவர் அக்காவைக் கத்திக் கூப்பிட்டது கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டது.

திரையில் நாற்பது.

எடப்பாடிக்காரரும் நானும் பைக்கில் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. கரண்ட் போய் வந்ததில் ஸ்டார்ட்டர் விழுந்து ஆறு விசிறியில் நாலு நின்றுபோயிருந்தது. நாங்கள் போகும்போது ஆறும் ஓடிக்கொண்டிருந்தன. கூண்டுகளில் கோழிகள் அலகைத் திறந்து, இறக்கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, கழுத்துத் துடிக்க நின்றன. விசிறிக் கோடியில் இருந்த வரிசைகள் மட்டும் சத்தமில்லாமல் கிடந்தன. வேலையாள் அவற்றைச் சாக்கில் எடுத்துக்கொண்டிருந்தார். நானூறுக்கு மேல் என்று சொன்னார்.

அக்கா ஷெட் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "போன் அடிச்சுதுங்களா சாமி? எனக்கு நெனப்பே இல்லையே. கட் பண்ணிப்போட்டனா?" என்பது.

நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"நீங்க கட் பண்ணல அக்கா. அன்னைக்கும் நீங்க பண்ணல. போன் உங்களுக்கு வரவே இல்ல. தப்பு என்னுது."

எப்படி என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் சாக்குகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்குது அம்மிணி, உள்ள?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. முதலாளி எப்போது முடியும் என்றுதான் கேட்பார்.

அதற்குள் முதலாளியே போனில் வந்துவிட்டார். விஷயம் தெரிந்து பதறிப்போயிருந்தார். என்னம்மா, ஒரு வரிதானே, அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாமா என்றார். ஆமாம் சார் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நோட்டு பையில் இருந்தது. அதைத் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு நாள் சார். தாள்ல படிக்காம ஓட்டமாட்டேன். அதுவரைக்கும் மத்த பதினோரு பேருக்கும் சொல்லிரணும். போனை நம்பாதீங்க, ஷெட்டுல ஆள் இருக்கட்டும்னு."

அதைச் சொன்னால் நாளைக்கு யார் நம் பெட்டியை வாங்குவார்கள் என்று அவர் இழுத்தார். யோசித்துச் சாயங்காலம் சொல்கிறேன் என்றார். சாயங்காலம் வெயில் இறங்கியிருக்கும். நான் போனை வைத்துத் திரும்பியபோது, பக்கத்தில் வேப்பமரத்தடியில் எடப்பாடிக்காரர் தன் போனில் பேசத் தொடங்கியிருந்தார். "ஏனுங்க, பொட்டிக்காரன் பேசறனுங். ஷெட்டுக்குள்ள யாராச்சும் இருக்கறாங்களா? இல்லீன்னா ஒரு ஆளை உடனே உக்கார வைங்க. நாங்க வர்ற வரைக்கும் போனை நம்பிப்போடாதீங்." ஒருவர் முடிந்ததும் அடுத்தவர். முதலாளியைக் கேட்கவில்லை. பதினொன்றும் முடிந்த பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

திருத்தும் வேலையை நான் அக்காவின் தீவன அறையில் உட்கார்ந்தே செய்தேன். ராசிபுரத்தில் அச்செடுத்து வந்து, அந்த அரை மணி நேரத்தில் எழுதிய முப்பத்து சொச்சம் வரிகளைப் பேனா வைத்துப் படித்தேன். ஒரே பக்கம். முதல் வாசிப்பிலேயே ஒன்பதாவது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே, கணக்கிலேயே வராத இன்னொன்று. போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தாலும் பார்த்தாச்சு என்றுதான் அது எடுத்துக்கொண்டிருக்கும். இந்தப் பக்கத்தைப் படிக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. அன்றைக்கு நான் அந்த நாற்பது நிமிடத்தைத்தான் மிச்சம் பிடித்து நட்சத்திரமாக ஆக்கியிருக்கிறேன். சொன்ன நேரத்தில் முடிந்ததற்கு வேறு காரணமே இல்லை. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினால், கணிப்புக்குக் கிட்டத்தட்ட வந்த வேலைகள் எல்லாவற்றிலும் படித்த நேரத்துக்கான கட்டம் காலியாகவோ அரைகுறையாகவோ இருந்தது. இழுத்தடித்த வேலைகளைப் பார்த்து நான் பயந்துகொண்டிருந்தேன். பயப்படவேண்டியது இவற்றைப் பார்த்து.

இப்போது கட் ஆனால் பெட்டி நம்பாது. அது கூப்பிடும், அக்கா கட் செய்யலாம், ஆனால் பிறகு அவர் தன் போனிலிருந்து பெட்டிக்கு ஒரு ரிங் கொடுக்கவேண்டும். அந்த ரிங் வந்து சேர்ந்தால்தான் பச்சை. வராதவரை வேலையாளுக்கும், வீட்டுக்காரருக்கும், எங்களுக்கும் அடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் என்றேன். இரண்டு நாளும் ஒரு காலையும் ஆனது. பன்னிரண்டு பெட்டிகளையும் மாற்றி முடிக்க மேலும் நாலு நாள். அந்த நாலு நாளும் நண்பகலில் எந்தப் போன் அடித்தாலும் எடப்பாடிக்காரரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கடைசியாக அக்காவிடம் வந்து பெட்டி மூடியைத் திருகினோம். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "முடிஞ்சுதுங்களா?" என்றார்.

முடிஞ்சுது அக்கா என்று சொல்வதுதான் மரியாதை. நான் நோட்டைத் திறந்தேன். புதிதாக எழுதிய வரிகளுக்கு என் வழக்கப்படி நாலு. தாளில் படித்துப் பிடித்தது இரண்டு, ஓட்டிப் பார்த்துப் பிடித்தது ஒன்று.

"அன்னைக்குக் கேட்டீங்கல்ல அக்கா. ஒண்ணு இருக்கும். எங்கேன்னு தெரியல."

அவர் விசிறிகளைப் பார்த்தார். "அப்ப தம்பி கல்யாணத்துக்கு…" என்று தொடங்கி, முடிக்காமல் தீவன அறைக்குள் போய்விட்டார்.

நான் வெளியிலிருந்தே சொன்னேன், அன்றைக்கு நான் வந்து உட்கார்ந்துகொள்கிறேன் என்று. உள்ளேயிருந்து பதில் வந்தது.

"பொழுதன்னைக்கும் உக்காரோணும் அம்மிணி. நாத்தம் தாங்குவீங்களா?"

"தாங்குவேன் அக்கா."

இன்றுதான் கல்யாணம். அக்கா பட்டுப்புடவையோடு விடியலிலேயே கிளம்பிப் போனார். போகும்போது வேலையாளிடம் பத்துத் தடவை, என்னிடம் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனார். இணைச்சீர் முடிந்துவிட்டது என்று ஒரு ரிங் வந்தது; நான் கட் செய்தேன், பிறகு பழக்க தோஷத்தைத் திட்டிக்கொண்டு திருப்பிக் கூப்பிட்டுப் பேசினேன். நாதஸ்வரத்தில் பாதி கேட்கவில்லை. சாப்பிட்டதும் கிளம்பி இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவதாகச் சொன்னார். இரண்டரையால் பெருக்கினால் இருட்டுவதற்குள் வந்தால் ஆச்சரியம்.

ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. கத்திரி இன்னும் கழியவில்லை. வெளியே வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. மணி பன்னிரண்டே முக்கால். பெட்டியின் விளக்கு பச்சையில் இருக்கிறது. நான் அதைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பத்தி எழுதியதும் தலையை நிமிர்த்தி விசிறிகளை எண்ணுகிறேன்.

இப்போதைக்கு ஆறும் ஓடுகின்றன.